எல்லையோரத்து இரண்டாம் ஆண்டு: அண்ணா பல்கலையா, வி.டி.யு.வா?

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் பி.இ. படிக்க நினைத்தால் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நேராக இரண்டாம் ஆண்டில், அதாவது மூன்றாம் செமஸ்டரில் சேர்ந்துவிடலாம். அரசு அறிவிப்புகள் இதை நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை என்கின்றன; மாணவர்கள் ‘லேட்டரல்’ என்கிறார்கள். பள்ளியில் கணிதம் படித்து, பிறகு பி.எஸ்சி. பட்டம் பெற்றவர்களுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. ஓர் அமைப்பில் பாதி தூரம் படித்துவிட்டு இன்னோர் அமைப்புக்கு மாறுவது இங்கே பெரிய எண்ணிக்கையில் நடப்பது இந்த வழியில்தான். மாறுகிறவர்களில் பெரும்பாலோர் எந்தக் கல்லூரி என்று யோசிப்பார்களே தவிர, எந்தப் பல்கலைக்கழகம் என்று யோசிப்பதில்லை. தமிழ்நாட்டுக்குள் பொறியியல் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம்தான். ஆனால் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்தில் அப்படி இல்லை. இங்கே இன்னொரு மாநிலத்தின் பல்கலைக்கழகமும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது.

தளி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ளது. குளிர்ந்த காற்றுக்காக வெள்ளைக்காரர்கள் இதைக் ‘குட்டி இங்கிலாந்து’ என்றார்கள். ரோஜா, முட்டைக்கோஸ், தக்காளி விளையும் மேட்டுநிலம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மூன்று மொழிகளுக்குள் வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. வடகிழக்கே போனால் 25 கிலோமீட்டர் அளவில் ஓசூர். வடக்கே போனால் கர்நாடகத்தின் ஆனேக்கல், அதைத் தாண்டி ஜிகனி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகள். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்ததிலிருந்து அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. ஆலைகளுக்கு டிப்ளமோ படித்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதனால் இந்த வட்டாரத்தில் பாலிடெக்னிக் படிப்புக்கு உள்ள மரியாதை மற்ற மாவட்டங்களில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதல். மூன்றாண்டு டிப்ளமோ முடித்ததும் வேலை, இல்லாவிட்டால் லேட்டரலில் பி.இ. என்பது பல குடும்பங்களின் கணக்கு.

கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகிய நான்கையும் இணைத்து 1978-ல் உருவாக்கப்பட்டது அண்ணா பல்கலைக்கழகம். இவற்றில் கிண்டியின் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி வரை போகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது அந்த நான்கு வளாகங்களின் பல்கலைக்கழகமாகவே இருந்தது. மற்ற பொறியியல் கல்லூரிகள் சென்னை, பாரதியார், பாரதிதாசன், மதுரை காமராசர் போன்ற பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தன. 2001-ல் அவையெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் வந்தன. நடுவில் சில ஆண்டுகள் அதைக் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்துப் பார்த்து, பிறகு மறுபடியும் ஒன்றாக்கினார்கள்.

வி.டி.யு. எனப்படும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருபது வயது இளையது. கர்நாடகத்துப் பொறியியல் கல்லூரிகளும் அதுவரை பெங்களூர், மைசூர், மங்களூர் முதலான பல்கலைக்கழகங்களில் சிதறிக் கிடந்தன. 1998-ல் பெலகாவியைத் தலைமையிடமாகக் கொண்டு வி.டி.யு. தொடங்கியதும் அவை ஒரு குடைக்குள் வந்தன. அண்ணாவின் கீழ் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், வி.டி.யு.வின் கீழ் 200-க்கும் மேல். இரண்டும் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள். பட்ட மதிப்பிலும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. மத்திய, மாநில அரசு வேலைக்கோ, கேட் தேர்வுக்கோ, வெளிநாட்டு மேற்படிப்புக்கோ இரண்டும் சமமாகவே ஏற்கப்படும். ‘அந்தப் பக்கத்து டிகிரி இங்கே செல்லுமா’ என்று ஊரில் கேட்பவர்களுக்கு நேரான பதில், செல்லும் என்பதுதான்.

தளி மாணவருக்குச் சென்னையும் கிட்ட இல்லை, பெலகாவியும் கிட்ட இல்லை. முன்னது 300 கிலோமீட்டருக்கு மேல், பின்னது 500 கிலோமீட்டருக்கு மேல். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தலைமை வளாகத்தில் கால் வைக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். அவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது ஓர் இணைப்புக் கல்லூரியை, அதனுடன் சேர்ந்து வரும் தேர்வு முறையை, அதைவிட முக்கியமாக அந்த மாநிலத்தின் சேர்க்கை விதிகளை. இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊரில் நடக்கும் பேச்சு இதற்கு நேர்மாறு. எந்தக் கல்லூரியில் ‘பிளேஸ்மென்ட்’ நன்றாக இருக்கிறது என்பதில் தொடங்கும் பேச்சு, சேரும் உரிமை யாருக்கு உண்டு என்ற இடத்துக்கு வருவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் லேட்டரல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, பிறகு கலந்தாய்வு. நெடுங்காலம் இதைக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவந்தது. அந்த நாளில் பிள்ளையும் தகப்பனும் இரவுப் பேருந்தில் காரைக்குடி போய் இறங்க வேண்டும். இப்போது எல்லாம் இணையவழியில் நடக்கிறது. டிப்ளமோவில் படித்த பிரிவைப் பொறுத்து, சேரக்கூடிய பி.இ. பிரிவுகள் தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. மெக்கானிக்கல் டிப்ளமோக்காரருக்கு ஆட்டோமொபைல், புரொடக்‌ஷன் முதலியவை எளிதாகத் திறக்கும். இடங்கள் இரண்டு வகையில் வருகின்றன: லேட்டரலுக்கென்றே கூடுதலாக ஒதுக்கும் சிறு பங்கு ஒன்று, முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்கள் இன்னொன்று. தனியார் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு இடங்களே காலியாகக் கிடப்பதால், ஏதாவது ஓர் இடம் கிடைப்பது கடினமில்லை. போட்டி எல்லாம் அரசுக் கல்லூரிகளுக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற சில பிரிவுகளுக்கும்தான்.

கர்நாடகத்தில் முறை வேறு. அங்கே கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ. நடத்தும் டி.சி.இ.டி. என்ற எழுத்துத் தேர்வில் ரேங்க் வாங்க வேண்டும். டிப்ளமோவில் குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கு இது இரண்டாவது வாய்ப்பு போலத் தோன்றும். ஆனால் தேர்வு எழுதும் முன்பே ஒரு வேலி இருக்கிறது. கர்நாடக அரசு இடங்களுக்கு உரிமை கோர, அந்த மாநிலத்தில் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பெற்றோரின் பணி, பூர்வீகம் ஆகியவற்றைக் கொண்டு சில விலக்குப் பிரிவுகளும், கன்னடம், துளு, கொடவ மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட வெளிமாநில, எல்லைப்பகுதி மாணவர்களுக்கான பிரிவுகளும் உள்ளன. இந்தப் பிரிவுகள் ஒவ்வொன்றும் எந்தெந்த வட்டங்களுக்குப் பொருந்தும், எந்தச் சான்றிதழ் கேட்கிறது என்பதை அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் வரிவரியாகப் படித்தே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் கன்னடம் பேசுகிறோம் என்பது மட்டும் போதாது. அது பள்ளிச் சான்றிதழிலோ வேறு ஆவணத்திலோ பதிவாகியிருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் ஆனேக்கல் பக்கத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள் உண்டு. பெங்களூரில் கட்டட வேலைக்கோ ஆலை வேலைக்கோ போன பெற்றோருடன் அங்கேயே பள்ளியும் பாலிடெக்னிக்கும் முடித்து, பிறகு ஊர் திரும்பியவர்களும் உண்டு. இவர்களுக்கு வி.டி.யு. உண்மையான தேர்வு. தளியிலேயே பள்ளி முடித்து, கெலமங்கலத்திலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ பெற்றவருக்குப் பெரும்பாலும் மேலாண்மை ஒதுக்கீட்டு இடம்தான் மிஞ்சும். அதன் கட்டணம் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணத்துக்கு அருகில்கூட வராது. இடைத்தரகர்கள் விற்பதும் இந்த இடங்களைத்தான். ‘பெங்களூர் காலேஜ், ஸீட் கன்ஃபர்ம்’ என்ற அழைப்பு ரிசல்ட் வந்த மறுநாளே வந்தால், அது எந்த ஒதுக்கீடு என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இட ஒதுக்கீடு இன்னும் கூர்மையான வேறுபாடு. தமிழ்நாட்டில் 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18 (இதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைக் கடந்ததும் இந்த ஒதுக்கீட்டுக்கான சாதிச் சான்றிதழ் செல்லாக்காசாகிவிடும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று அறிவிக்கப்பட்டவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி. எல்லையின் இருபுறமும் ஒரே சாதியினர், ஒரே உறவுமுறையினர் வாழும் பகுதி இது. இருந்தும் மாமன் மகனுக்குக் கிடைக்கும் ஒதுக்கீடு அத்தை மகனுக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

முதல் பட்டதாரி சலுகையும் இதே போல. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால், தமிழ்நாட்டின் அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேரும் மாணவரின் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே ஏற்கிறது. மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது இல்லை. கர்நாடகத்தில் சேர்ந்தவருக்குக் கேள்வியே இல்லை. தளி ஒன்றியத்து மலைக்கிராமங்களிலிருந்து படிக்க வருபவர்களில் முதல் பட்டதாரிகள் கணிசம். அவர்களுக்கு இந்த ஒரு வரியே முடிவைத் தீர்மானித்துவிடும். அதில் தவறும் இல்லை.

சேரும் உரிமை இரண்டு பக்கமும் இருப்பவர் அடுத்துப் பார்க்க வேண்டியது படிப்பு எப்படி நடக்கிறது என்பதை. இங்கே லேட்டரல் மாணவரின் பெரிய சிக்கல் கணிதம். டிப்ளமோவில் ஆய்வகம், வரைபடம், பட்டறைப் பயிற்சி எல்லாம் உறுதியாக இருக்கும். கணிதம் அந்த அளவுக்கு இருக்காது. பி.இ. முதலாண்டில் மற்றவர்கள் படித்த அணிகள், நுண்கணிதம், எண்முறைக் கணக்குகளைத் தாண்டி இவர் நேராக மூன்றாம் செமஸ்டரில் நுழைகிறார். அண்ணா பல்கலையின் 2021 ஒழுங்குமுறைப்படி மெக்கானிக்கல், சிவில் போன்ற பிரிவுகளில் அந்த செமஸ்டரில் உருமாற்றங்களும் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளும் காத்திருக்கின்றன; கம்ப்யூட்டர் சயின்ஸில் தனிநிலைக் கணிதம். வகையீடே தடுமாறும் ஒருவருக்குப் பகுதி வகையீடு மலையாகத் தெரியும். லேட்டரல் மாணவர்களின் முதல் அரியர் பெரும்பாலும் இந்தப் பாடத்தில் விழுவதில் வியப்பில்லை.

வி.டி.யு. இந்தப் பள்ளத்தை முன்பே உணர்ந்து ஒரு பாலம் போட்டது. 2018 திட்டம் போன்ற பாடத்திட்டங்களில் டிப்ளமோவிலிருந்து வருபவர்களுக்கென்றே மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் கூடுதல் கணிதம் என்று இரண்டு பாடங்கள் இருந்தன. அவற்றுக்குக் கிரெடிட் கிடையாது, ஆனால் தேர்ச்சி பெறாமல் பட்டம் இல்லை. சுமைதான், ஆனாலும் விட்டுப்போன அடிப்படையை யாராவது கரும்பலகையில் எழுதிச் சொல்லித்தருகிறார்கள் என்பது சிறிய நன்மை அல்ல. அண்ணாவின் கீழுள்ள கல்லூரிகளில் இது அந்தந்தக் கல்லூரியின் அக்கறையைப் பொறுத்தது. சில கல்லூரிகள் விடுமுறையில் இணைப்பு வகுப்பு நடத்தும்; சில கண்டுகொள்ளாது. சேரும் முன் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகளில் இதற்கு முதலிடம் தரலாம். பிளேஸ்மென்ட் எண்ணிக்கையை எல்லாரும் கேட்கிறார்கள், கல்லூரியும் அச்சடித்தே வைத்திருக்கிறது. லேட்டரல் மாணவர்கள் எத்தனை பேர் கணிதத்தில் முதல் முறையிலேயே தேறினார்கள் என்று கேட்டால்தான் பதில் சொல்லத் திணறும்.

மதிப்பெண் முறையிலும் வேறுபாடு உண்டு. அண்ணாவின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு செமஸ்டர் தேர்வில் மட்டும் 45 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். வி.டி.யு.வின் 2022 திட்டத்தில் இரண்டுக்கும் 50, 50. தொடர் மதிப்பீட்டில் 40 சதவீதம், செமஸ்டர் தேர்வில் 35 சதவீதம், மொத்தத்தில் 40 சதவீதம் இருந்தால் தேர்ச்சி. காகிதத்தில் வி.டி.யு. இளகியதாகத் தெரியும். வருகைப் பதிவில் அது இறுகுகிறது: அங்கே 85 சதவீதம் வேண்டும், தக்க காரணம் இருந்தால் 10 சதவீதம் வரை மன்னிப்பார்கள், அண்ணாவில் 75 சதவீதம். நாள்தோறும் தளியிலிருந்து பேருந்தில் போய்வரும் மாணவருக்கும், தோட்டத்தில் பூ அறுவடைக் காலத்தில் கைகொடுக்க வேண்டியவருக்கும் இந்தப் பத்து சதவீதம் வெறும் எண் அல்ல.

நிலுவைப் பாடங்களிலும் இரண்டும் வேறுவேறு. அண்ணாவில் அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். லேட்டரலில் சேர்ந்தவர் 12 செமஸ்டருக்குள், அதாவது ஆறு ஆண்டுக்குள் எல்லாவற்றையும் முடித்தால் போதும். வி.டி.யு.வில் நிலுவை ஓர் அளவைத் தாண்டினால் அடுத்த ஆண்டுக்கு ஏறவிடாமல் நிறுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மாணவர் பேச்சில் அது ‘இயர் பேக்’. எது நல்லது என்பது ஆளைப் பொறுத்தது. தானாகப் படிப்பவருக்கு அண்ணாவின் சுதந்திரம் உதவும். தள்ளிப்போடுகிற பழக்கம் உள்ளவர் அங்கே அரியரை அடுக்கிக்கொண்டே நான்காம் ஆண்டு வரை போய்விடுவார். அவரை இயர் பேக் என்ற பயம் ஓரளவு காப்பாற்றும்.

மேலே சொன்னவை அனைத்தும் தன்னாட்சி பெறாத கல்லூரிகளுக்கே முழுமையாகப் பொருந்தும். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும், தேர்வைத் தானே நடத்தும். பட்டத்தில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஓசூரின் அதியமான் பொறியியல் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியும் அப்படியே. பெங்களூரில் 1946-ல் தொடங்கிய பி.எம்.எஸ்., அதோடு ஆர்.வி. போன்ற பெயர்பெற்ற கல்லூரிகளும் வி.டி.யு.வின் தன்னாட்சிக் கல்லூரிகளே. பெங்களூரின் மிகப் பழைய பொறியியல் கல்லூரியான யு.வி.சி.இ. இந்தக் கணக்கிலேயே சேராது. 1917-ல் விஸ்வேஸ்வரய்யாவின் முயற்சியில் தொடங்கிய அது பெங்களூர்ப் பல்கலைக்கழகத்துடன் இருந்து, அண்மையில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆகவே அண்ணாவா வி.டி.யு.வா என்று ஒப்பிடுவதைவிட, பர்கூர் கல்லூரியின் விதிப்புத்தகத்தையும் பெங்களூர்க் கல்லூரியின் விதிப்புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே பயனுள்ள ஒப்பீடு.

மொழி இந்த வட்டார மாணவருக்குப் பெரிய தடை இல்லை. இரண்டு பல்கலைக்கழகங்களிலும் பாடமொழி ஆங்கிலம். கர்நாடகத்தில் வகுப்புக்கு வெளியே கன்னடம் வேண்டும். தளிக்காரருக்கு அது அன்றாடம் புழங்கும் மொழி. வி.டி.யு. எல்லாருக்கும் ஒரு கன்னடப் பாடம் வைத்திருக்கிறது. கன்னடம் கற்றவர்களுக்கு ‘சாம்ஸ்கிருதிக கன்னடம்’, அறியாதவர்களுக்கு ‘பளகெ கன்னடம்’ என்று இரண்டு வகை. பேசத் தெரிந்து எழுதப் படிக்கத் தெரியாத எல்லைப்பகுதி மாணவர் இரண்டாவதை எடுத்து எளிதில் கடந்துவிடலாம். அண்ணாவின் 2021 ஒழுங்குமுறை முதலாண்டில் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற இரண்டு சிறு பாடங்களைச் சேர்த்தது.

தூரம் பற்றி ஊரில் ஒரு தவறான கணக்கு உண்டு. பெங்களூர் பக்கம், சென்னை தூரம், ஆகவே வி.டி.யு. வசதி என்பார்கள். தளியிலிருந்து ஓசூர்க் கல்லூரிகளுக்குப் போய்வருவதுதான் எல்லாவற்றிலும் எளிது, அவை அண்ணாவின் கீழ் உள்ளவை. பர்கூர் அதே மாவட்டத்தில் இருந்தாலும் மறுகோடியில், ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கே விடுதியே வழி. பெங்களூரின் தென்புறக் கல்லூரிகள் வரைபடத்தில் கிட்டத்தில் இருந்தாலும், ஓசூர் சாலையின் நெரிசல் காலை நேரத்தை விழுங்கிவிடும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் திறந்தபின் அங்கிருந்து நகருக்குள் போவது சுலபமாகியிருக்கிறது. பொம்மசந்திரா வரை வந்து சேரும் பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலைவாய்ப்பில் பெங்களூரின் ஈர்ப்பை மறுக்க முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்டர்ன்ஷிப் கிடைப்பது, அந்த ஊரிலேயே கல்லூரி இருந்தால் சுலபம். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல் படிப்பவருக்கு அந்த ஈர்ப்பு பாதியாகக் குறைகிறது. ஓசூர் சிப்காட், போச்சம்பள்ளியில் ஓலா எலெக்ட்ரிக், ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று வேலை இந்தப் பக்கமே இருக்கிறது. ஆலைகளின் ஆள்சேர்ப்பில் பட்டத்தில் எந்தப் பல்கலையின் முத்திரை என்பதைவிட, டிப்ளமோவோடு பி.இ.யும் சேர்ந்து வந்தவர் பட்டறை தெரிந்தவர் என்ற எண்ணம்தான் உதவுகிறது. லேட்டரல் மாணவர் சிலர் தம் டிப்ளமோவைக் குறையாக நினைத்து விண்ணப்பத்தில் மறைக்கிறார்கள். இந்த ஊரில் அது தேவையற்ற வெட்கம்.

லேட்டரலாக வராமல், ஒரு பல்கலைக்கழகத்தில் பி.இ. படித்துக்கொண்டிருக்கும்போதே மற்றதற்கு மாற நினைப்பவர்கள் தனிவகை. தந்தைக்கு வேலை மாற்றம், குடும்பம் எல்லை தாண்டிக் குடிபெயர்தல் போன்ற காரணங்களால் இந்த எண்ணம் இங்கே அடிக்கடி எழும். நடைமுறையில் இது கடினம். இருக்கும் கல்லூரியின் தடையின்மைச் சான்று, சேரும் கல்லூரியில் அதே பிரிவில் காலியிடம், புதிய பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கைகூட வேண்டும். அதற்குப் பிறகு பாடங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எதை ஏற்கலாம், எதை மறுபடி எழுத வேண்டும் என்று முடிவு செய்வார்கள். வி.டி.யு.வில் முதலாண்டு மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முதல் செமஸ்டரில் இயற்பியல் தொகுதியும் மறுபாதிக்கு வேதியியல் தொகுதியும் நடத்தி, அடுத்த செமஸ்டரில் மாற்றிக்கொள்வார்கள். அண்ணாவின் 2021 திட்டத்தில் இயற்பியல், வேதியியல் இரண்டும் முதல் செமஸ்டரிலேயே வரும். ஆக, ஒரு செமஸ்டர் முடித்து மாறுகிறவர் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பாடம் இடிக்கும். முதலாண்டு முழுவதையும் முடித்து, மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்தில் மாறுவதே இழப்பு குறைந்த வழி. அதற்குப் பின் தாமதிக்கும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் பொருந்தாத பாடங்கள் கூடிக்கொண்டே போகும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்த மாற்றமே அமைப்பின் ஒரு தூண். 1960-ல் வகுத்த உயர்கல்வித் திட்டப்படி, உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்தவர் மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். பெர்க்லியா, லாஸ் ஏஞ்சலஸா என்று ஒருவர் தயங்கினால், எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடாகும் என்று அட்டவணை போட்டுச் சொல்லும் ‘அசிஸ்ட்’ என்ற பொது இணையதளம் அங்கே உண்டு. அண்ணாவுக்கும் வி.டி.யு.வுக்கும் இடையே அப்படி ஓர் அட்டவணை இல்லை. யு.ஜி.சி. 2021-ல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி அந்தத் திசையில் ஒரு முயற்சி. மாணவர் சேர்த்த கிரெடிட்டுகளை அதில் ஏழு ஆண்டு வரை வைத்திருக்கலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதியைப் பெற்றிருக்க வேண்டும். கிரெடிட்டைச் சேமிக்க வங்கி இடம் தருகிறது. அதை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவு இன்னும் சேரும் பல்கலைக்கழகத்தின் கையில்தான். பேராசிரியர் ஒருவர் இரண்டு பாடத்திட்டங்களையும் மேசையில் விரித்துப் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் வேலை நடக்கும்.

ஆவணங்களைப் பொறுத்தவரை பெரும்பாடு நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ். தமிழ்நாட்டுக்காரராக இருந்தும் கர்நாடகத்தில் பள்ளியோ டிப்ளமோவோ படித்தவருக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இது இன்றியமையாதது. தேன்கனிக்கோட்டை வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும், விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக. இதோடு சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களையும் டிப்ளமோ கடைசி செமஸ்டர் நடக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மாநிலம் மாறுகிறவரிடம் மாற்றுச் சான்றிதழோடு இடப்பெயர்வுச் சான்றிதழும் கேட்பார்கள். அதைத் தருவது பழைய கல்லூரி அல்ல, பழைய வாரியம் அல்லது பல்கலைக்கழகம்.

இரண்டு மாநிலங்களின் கலந்தாய்வும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் நடந்தாலும் ஒரே நாளில் முடிவதில்லை. ஒரு பக்கம் சேர்ந்து பணம் கட்டிய பிறகு மறுபக்கம் நல்ல இடம் கிடைப்பது உண்டு. குறித்த கடைசி நாளுக்குள் விலகினால், நடைமுறைச் செலவாக 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்தது. இந்த இரண்டையும் எழுத்தில் சுட்டிக்காட்டிக் கேட்டால் பல கல்லூரிகள் இறங்கிவரும். வாய்வார்த்தையாகக் கேட்டால் ‘மேனேஜ்மென்ட்டைக் கேட்கணும்’ என்ற பதிலே வரும்.

டிப்ளமோவோடு ஏற்கெனவே ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பகுதிநேர பி.இ. சேலம் அரசு பொறியியல் கல்லூரி போன்ற சில இடங்களில், அண்ணா பல்கலையின் கீழ், வேலை அனுபவம் உள்ள டிப்ளமோதாரர்களுக்கு மாலை வகுப்புகள் நடக்கின்றன. ஓசூரில் ஷிப்ட் முடித்துச் சேலம் போய்வர முடியாது. சேலத்துக்கோ கோயம்புத்தூருக்கோ வேலை மாற்றம் பெற்றவருக்குத்தான் இது கைகூடும். வேலை செய்பவர்களுக்கென்று பொறியியல் கல்லூரிகள் மாலைநேர வகுப்பு தொடங்க ஏ.ஐ.சி.டி.இ. அண்மை ஆண்டுகளில் தனி அனுமதி கொடுத்துவருகிறது. சம்பளத்தை விடாமல் பட்டம் வாங்க நினைக்கும் ஓசூர்த் தொழிலாளர்கள், எல்லையின் இரண்டு பக்கமும் எந்தக் கல்லூரி அந்த அனுமதியை வாங்கியிருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்திலேயே விசாரிப்பது நல்லது.